உன் கைப்பக்குவம் வராது

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் மனைவியோடு வெளியே சாப்பிடப் போனால், முதல் கரண்டி உள்ளே போனதும் "உன் கைப்பக்குவம் வராது" என்று சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் இந்த வடகரையில் பிறந்தவர்களுக்கு நேராகப் பாராட்ட நாக்கு வளையாது. "பரவாயில்ல" என்றாலே தலையில் தூக்கிவைத்து ஆடியதாக அர்த்தம். அதனால் பிரியம், நன்றி, மன்னிப்பு எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடைத்துவிடுவார்கள்.

அதே வாக்கியம் மீன்பிடிக்காரன் லாக்லனைக் கவிழ்க்கப்போகிறது என்பது வெள்ளிக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும். ரொட்டிக்கடையில் புருஷனை இழந்த என் சிநேகிதி ரோனா சொன்னாள்.

"கட்டிக்கலாமான்னு கேக்கறான், நெட்டா. சாயங்காலம் ஹோட்டல்ல பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"பொண்டாட்டி எஃபி செத்ததுலேருந்து பாவம், தனியாக் கெடக்கறான்."

"பாவந்தான். ஆனா அவனுக்கு வேண்டியது பொண்டாட்டியா, சமையக்காரியா? புருஷனுக்கும் பிள்ளைங்களுக்கும் ஆக்கிப் போட்டே என் காலம் போச்சு. 'உன் கைப்பக்குவம் வராது'ன்னு மட்டும் சொல்லட்டும், கோட்டை எடுத்துட்டுக் கெளம்பிடுவேன். நீ போய் அவன்கிட்ட உளறி வைக்காதே!"

நான் உளறவில்லை. என் கணவர் வாட்டியை இழுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஹோட்டலில் வேறு மேஜைகளும் காலியாக இருந்தன என்பது வேறு விஷயம்.

நான்கு பேருக்கும் கல்லன் ஸ்கிங்க் சூப் வந்தது. புகையில் வாட்டிய ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பக்குவம்.

"உன் கைப்பக்குவம் வராது, நெட்டா" என்றார் வாட்டி.

"சரி சரி" என்றேன். என் காது அடுத்த மேஜையில் இருந்தது.

லாக்லன் அழுத்திச் சவரம் செய்து கன்னத்தைக் கீறிக்கொண்டு வந்திருந்தான். ஒரு கரண்டி குடித்தான். வாயைத் துடைத்தான்.

"உன் கைப்பக்குவம் வராது, ரோனா."

அவள் கை நாற்காலியில் தொங்கிய கோட்டுக்குப் போனது. ஆனால் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"என் சமையலை நீ சாப்பிட்டதே இல்லையேப்பா."

அவன் காது வரைக்கும் சிவந்தான். "அது... பழக்கம். எஃபிகிட்ட எப்பவும் சொல்லுவேன்."

"அவ்வளவு நல்லா செய்வாளா?"

லாக்லன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

"பால் அடிப்பிடிச்சிருக்கும். மீனைத் தேடிப் பிடிக்கணும். அவளுக்கும் அது தெரியும். நான் அப்படிச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. அதுக்குத்தான் சொல்றது." இன்னொரு கரண்டி குடித்தான். "இது நல்லா இருக்கு, ரோனா. ரொம்ப நல்லா இருக்கு. இப்ப வீட்டுல நானேதான் ஆக்கிக்கறேன், இப்படி வரமாட்டேங்குது. அதான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்."

'ரொம்ப நல்லா இருக்கு' என்று ஒரு மீன்பிடிக்காரன் பலர் கேட்கச் சொன்னதில் மூலை மேஜைக் கிழவர் திரும்பியே பார்த்துவிட்டார்.

ரோனா கோட்டை விட்டாள். பரிமாறுகிறவளைக் கூப்பிட்டாள். "துணியில கட்டி அவிச்ச இனிப்பு டம்ப்ளிங் ஒண்ணு கொண்டாம்மா. ரெண்டு கரண்டி."

"அப்போ பதில்?"

"வெள்ளிக்கிழமைன்னா இங்கதான் சாப்பாடு. மத்த நாள்ல நீ ஆக்கு. நான் உக்காந்து குத்தம் சொல்றேன்."

"அது உனக்கு நல்லாவே வரும்" என்றான் லாக்லன். அவள் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டிருக்கும்.

இந்தச் செய்தியை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாட்டி பக்கம் திரும்பினேன். அவர் ரொட்டித் துண்டால் கிண்ணத்தின் அடிவரை வழித்துக்கொண்டிருந்தார். கழுவவே தேவையில்லை. வீட்டில் நான் செய்யும் ஸ்கிங்கில் எப்போதும் பாதியை மிச்சம் வைப்பார். அளவாகச் சாப்பிடுகிற மனிதர் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

"வாட்டி" என்றேன்.

ரொட்டி நடுவழியில் நின்றது. "என்ன?"

ஊரில் யாரிடமும் எதையும் கேட்கக் கூசாதவள் நான்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது பாருங்க."