ராஜம்மாள் வீடு எது?

சனிக்கிழமை காலைகளில் உலகம்மைக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஒரு வாரம் அவள் கமலம், மறுவாரம் வசந்தா, அதற்கடுத்த வாரம் செல்லம். அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் பூப்போட்ட துணி ஒன்றை இறுகக் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா பகவதியம்மாள் திருவனந்தபுரத்தில் வாரம் ஒரு லேபாக ஏறி இறங்குவாள். ரத்தம் எடுக்கிற ஊசி உலகம்மைக்குப் பழகிப்போயிருந்தது. யாராவது பெயரைக் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் பழகவில்லை.

உலகம்மைக்கு லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோய். 1984 சித்திரையில் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுக்கவைத்து, ஊசியும் மருந்துமாகக் கொடுத்து நோயை அடக்கினார்கள். இனி மூன்று வருஷம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொன்னபோது பகவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். வாரம் தவறாமல் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லி இதில் எழுதி வர வேண்டும். இந்த மாத்திரை கெட்ட அணுவையும் கொல்லும், நல்ல அணுவையும் கொல்லும். மூவாயிரம், நாலாயிரம் என்று நின்றால் சரி. இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வர வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு அந்தப்பக்கம் போகக் கூடாது என்பார்களே, அது மாதிரிதான் இது என்று பகவதி தனக்குப் புரிகிற விதத்தில் அதை மனசில் போட்டுக்கொண்டாள்.

அவள் புருஷன் கோலப்பனுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். நல்ல மனிதர்தான், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்தான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்து ரொம்ப காலமாகிவிட்டது. மூத்தவள் சீதாலக்ஷ்மிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இளையவளுக்கு இப்படி ஒரு நோய் என்றதும் அவர் முதலில் கதவைத்தான் சாத்தினார்.

"ரெத்தத்துல உள்ள தீனம்னா குடும்பத்துக்கே உண்டும்பானுவ. பொறவு மூத்தவள எவன் கெட்டுவான்?" என்றார்.

இது ஒட்டுகிற நோயில்லை, அக்காளுக்கும் வந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். கோலப்பனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாலைத் தெருவுக்கு டாக்டரா வந்து விளக்கப் போகிறார்? ஆகவே உலகம்மையின் முடி கொட்டியதற்குத் திருச்செந்தூர் நேர்த்திக்கடன் என்று பெயராயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்துக்கு நாகர்கோவில் சித்தி வீடு என்று பெயராயிற்று. வாராவாரம் ஒரே பிள்ளை ஒரே பெயரில் ரத்தம் கொடுக்க வந்தால் லேப்காரனுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று, லேபையும் பெயரையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். சாயங்காலம் கோலப்பன் லேபில் முடிவுச் சீட்டை வாங்கி, எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். பெற்றதற்கு ஒரு பெயர் வைக்கவே ஜாதகம் பார்த்த மனிதர், இப்போது வாரம் ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் செய்ய வருகிறார்கள். பையன் மின்சார வாரியத்தில் எஞ்சினீயர். கோலப்பனுக்குத் தலைக்குமேல் வேலை. பகவதி மட்டும் உலகம்மையைக் கூட்டிக்கொண்டு ஒரு புது லேபுக்குப் போனாள். அங்கே யோசுவா என்ற நடுத்தர வயதுக்காரர் ரத்தம் எடுத்தார்.

"குட்டிக்குப் பேரு?"

"ராஜம்மாள்."

"வீடு எவிடெ?"

அதற்கு வீட்டில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஆரியசாலை, பிள்ளையார் கோயில் சந்து" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு பகவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, வீட்டு நம்பரை அவர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கோலப்பன் வாழைத்தாரும் பூவும் வாங்கிக்கொண்டு வந்தார். சீட்டு வாங்கி வரவில்லை.

"திங்கக்கெழம வாங்கிக்கிடுதேன். வாராவாரம் நாலாயிரம்தான வருது? ஒரு வாரத்துல மலையா புரண்டுரும்?"

பகவதிக்கும் அது சரியென்றே பட்டது. வழக்கம்போல மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தாள். அந்த மாத்திரைகளைத் தன் கையாலேயே கொடுத்ததை நினைத்து அவள் பிற்பாடு அழாத நாளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். கோலப்பனின் அக்கா முத்தாரம்மாள் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினாள். இளையவள் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, "அவ நாரோயில்ல சித்தி வீட்டுல நிக்கா" என்று கூசாமல் சொன்னாள். உலகம்மையோ பின்கட்டு அறையில் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

காப்பித் தட்டை எடுக்கப் போன பகவதி, மனசு கேட்காமல் அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். பிள்ளை சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது.

"அம்மா, நான் ஒச்சயே போடல்ல" என்றாள் உலகம்மை.

பகவதி அடுக்களைக்கு ஓடிவந்து கோலப்பனைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க, பிள்ளைக்கு மேலு தீயாட்டுக் கொதிக்கி. ஒடனே கொண்டு போணும்."

"ஒரு மணிக்கூறு பொறு பகவதி. அவிய இப்பம் தாம்பூலம் மாத்திட்டு எறங்கிருவாவ. நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு மணிக்கூறுகூட வைக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துட்டா?"

முத்தாரம்மாள் நடுவில் வந்தாள். "மெல்லப் பேசுட்டி. பிள்ளியளுக்குப் பனிக்காய்ச்ச வாறதும் போறதும் உள்ளதுதான். மூத்தவளுக்க வாழ்க்கைய ஓர்மை வச்சுக்க."

பகவதி காப்பித் தட்டைக் கையில் எடுத்தாள். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் இப்படித்தான் அவள் தட்டை எடுத்திருக்கிறாள். கால்தான் நகரவில்லை.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. யோசுவா இறங்கி நின்றார். வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாரே, இந்த வீட்டுல ராஜம்மாள்னு ஒரு குட்டி உண்டா? பதினோரு வயசு இருக்கும். தலையில துணி கெட்டியிருக்கும்."

கோலப்பன் வாசலுக்குப் போனார். பின்னால் கூடத்தில் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ராஜம்மாளா? அப்படி ஒரு பிள்ள இந்த வீட்டுல கெடையாது."

"எல்லாரும் அதுதான் சொல்லுதாங்க. ஆனா அந்த அம்மை இந்தச் சந்துன்னுதான் சொல்லிச்சு. நேத்து சாயங்காலம் சீட்டு வாங்க ஆரும் வரல்ல. இன்னைக்கு சர்ச்சு கழிஞ்ச ஒடனே எறங்குனவன் நான். பிள்ளைக்கு வெள்ள அணு எழுநூறுதான் இருக்கு சாரே. தப்பாட்டு எண்ணிட்டேனோன்னு ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன். எழுநூறுதான். இந்த நெலையில ஒரு சின்னப் பனி வந்தாலும் அது தாங்காது. தெரிஞ்சா ஒண்ணு சொல்லுங்க."

எழுநூறு என்ற சொல் கோலப்பனின் காதில் விழுந்தது. ஒரு கணம் அவர் பின்கட்டுப் பக்கம் திரும்பினார். வழியில் சம்பந்தியின் முகம் தென்பட்டது. வாய் தன் பழக்கத்துக்குப் பேசியது.

"தெரியாது. அடுத்த தெருவுல கேட்டுப் பாருங்க."

யோசுவா நெற்றியைத் துடைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

டங்கென்று தட்டைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. பகவதியம்மாள் சம்பந்திகளுக்கு நடுவிலேயே நடந்து, புருஷனைத் தோளால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, தெருவில் இறங்கினாள்.

"நில்லுங்க! அந்தப் பிள்ள இங்கதான் இருக்கா. அவ பேரு ராஜம்மாள் இல்ல, உலகம்மை. எனக்க மவ. பொய்ப்பேரு சொன்னது நான்தான்."

பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாரோயில்ல நிக்கான்னு சொன்னோமே, அந்த இளையவதான். ரத்தப் புற்றுநோய். எட்டு மாசமா மறைச்சு வச்சிருக்கோம். இப்பம் காய்ச்சல், நான் ஆஸ்பத்திரிக்குப் போணும். என்னய மன்னிச்சுக்கிடுங்க. காப்பி ஆறிரும், குடிச்சிட்டுப் போங்க."

அவள் பேசி முடிப்பதற்குள் பின்கட்டிலிருந்து சீதாலக்ஷ்மி வந்தாள். நிச்சயத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, தங்கையைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணி நழுவி, அப்போதுதான் முளைத்து வந்திருந்த குட்டைமுடி எல்லோர் கண்ணிலும் பட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் கார் சந்து முனையில் நின்றது. அக்காளும் அம்மாவும் நேரே அதில் போய் ஏறினார்கள்.

டிரைவர் மைதீன் விழித்தார். "அவிய கூட்டிட்டு வந்த வண்டியாச்சே..."

மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். "பாத்துட்டு நிக்காத மைதீனே, எடு வண்டிய. நாங்க பஸ்ஸுல போயிக்கிடுதோம்" என்றாள். யோசுவா சீட்டைக் கையில் பிடித்தபடி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியபோது கோலப்பன் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடி வருவதைப் பகவதி பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை உடனே நிறுத்தினார்கள். தனி அறையில் போட்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வாரம் தவறாமல் எண்ணச் சொன்னது எதற்கு, வந்த எண்ணை வாங்காமல் விடுவதற்கா என்று டாக்டர் சத்தம் போட்டார். நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். பகவதி நோட்டைக் கேட்டு வாங்கி, மேல் அட்டையில் கொட்டை எழுத்தில் "உலகம்மை" என்று எழுதினாள். அன்றிலிருந்து எண்களையும் அவளே எழுதினாள். ஐந்நூறு. அறுநூறு. மறுபடி அறுநூறு. அந்த மூன்று நாளும் பிள்ளை கண் திறந்தும் திறக்காமலும் கிடந்தது. பகவதி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. எண் ஏறுகிறவரைக்கும் நான் இங்கேதான் என்று உட்கார்ந்துவிட்டாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் தொள்ளாயிரம்.

கோலப்பன் அறைக்குள் வர வெட்கப்பட்டு வராந்தாவிலேயே நின்றார். தினமும் காலையில் ரத்தக் குப்பியை அவரே லேபுக்குக் கொண்டுபோவார். எண்ணி முடிகிறவரை வாசலில் நின்று, சீட்டைக் கையோடு வாங்கி வந்து பகவதியிடம் நீட்டுவார்.

பதினோராம் நாள் உலகம்மையைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அன்று முத்தாரம்மாள் வந்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு, வராந்தாவில் நின்ற தம்பியை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நாரோயில்ல இருந்து ஆள் வந்தாச்சு. பொண்ணு நல்ல பொண்ணுதானாம், தங்களுக்குக் கொடுத்து வைக்கலன்னு சொல்லி விட்டிருக்காவ. அது போட்டும். இனி உள்ள மானத்தையாவது காப்பாத்தணும். தெருவுல கேட்டா மஞ்சக்காமாலன்னு சொல்லிருவோம். இனி ரெத்தக் கவுண்ட் பாக்க நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோ. அங்க நம்மள ஒருத்தனுக்கும் தெரியாது."

பகவதி வாயைத் திறந்தாள். அதற்குள் கோலப்பன் எழுந்துவிட்டார்.

"போரும்க்கா." அந்த வார்த்தை வார்டு முழுக்கக் கேட்டது.

"எலே, மெல்லச் சொல்லு."

"எதுக்கு மெல்லச் சொல்லணும்? அவளுக்கு வந்தது தீனம். அதுல ஒரு நாணக்கேடும் இல்ல. நாணக்கேடு எனக்குத்தான். எழுநூறுன்னு காதால கேட்டுட்டு, பெத்த பிள்ளைய இந்த வீட்டுலயே இல்லன்னு சொன்னேம்பாரு, அது. பொண்ணெடுக்குதவன் எடுக்கட்டும், வேண்டாங்கவன் போட்டும். தீனத்த மறைச்சு வச்சா தீனம் போவாதுக்கா, பிள்ளதான் போவும். எனக்கு அது தெரிய இத்தன நாளாச்சு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோலப்பன் குரலைத் தாழ்த்தவில்லை.

"இனி எவன் கேட்டாலும் லுக்கீமியான்னுதான் சொல்லுவேன். கவுண்ட் எத்தனன்னு கேட்டா அதையும் சொல்லுவேன். இன்னைக்கு ரெண்டாயிரத்து நானூறு. நேத்தைக்கவிட அறுநூறு கூடுதல்."