தாழ்ப்பாளுக்கு உள்ளே ஒரு பாட்டு

திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் கிடங்கு அது. பெண்களை உள்ளே விட்டதும் மேஸ்திரி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். உடைத்த நிலக்கடலைப் பருப்பை மடியில் கட்டிக்கொண்டு நழுவிவிடுவார்களாம், அவருக்கு அந்தப் பயம். பொழுது சாய்ந்தால்தான் கதவு திறக்கும்.

உள்ளே பாட்டெடுத்துக் கொடுப்பவள் சவுரியம்மாள். தலை நரைக்கும் முன்பிருந்தே அவள்தான். அவள் ஓரடி பாடினால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். விழுப்புரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பூமாலை, டாக்கி சினிமாவில் கேட்ட பாட்டு ஒன்றை ஒருநாள் எடுத்துவிட்டாள். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"இதெல்லாம் ஒரு பாட்டாடி? பல்லு வலிக்காரி மொனகற மாதிரி கீது" என்று சீறினாள் சவுரியம்மாள்.

யாரும் நிறுத்தவில்லை. சவுரியம்மாள் எழுந்து போகலாமென்றால் கதவு சாத்திக் கிடந்தது. காதைப் பொத்தலாமென்றால் கை இரண்டும் மல்லாட்டையில் இருந்தன. தினமும் அதே பாட்டு. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக வெளியே பாய்ந்தாள்.

போகப்போக ஒன்று கவனித்தாள். பாட்டின் நடுவில் குரல் மேலே ஏறி, இறங்காமல் அப்படியே நிற்கும். அந்த இடம் வந்தால் அவள் விரலும் உடைக்காமல் நின்றது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் முறைத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பாட்டு அந்த இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பூமாலை பாதியில் நிறுத்தி, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வூட்டுக்குப் போவலியா அத்தே?"

சவுரியம்மாள் அசையவில்லை.

"மேஸ்திரி, சித்த அந்தக் கதவச் சாத்துங்க! அவ இன்னும் பாடி முடிக்கல."