தீப்பிடிக்காத உரக்குவியல்

வட ஜெர்மனியின் அம்மர்லாந்தில், எங்கள் ஊரில் தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் எல்லாரும், சதுப்பில் வெட்டிய பீட் மண்ணை ஒன்னோவிடம்தான் வாங்குவார்கள். வீப்கே மட்டும் நிறுத்திவிட்டாள். தோட்டக் கழிவையும் காய்கறித் தோலையும் மக்க வைத்து, மரப்பட்டைத் தூளோடு கலந்து, அதில் ஃபுக்சியா என்ற பூச்செடியை வளர்த்தாள். "குப்பையில பூ வளக்கிறா," என்று ஒன்னோ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு குளிர்ந்த காலை, அவள் கொட்டகைக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரனான நான் பதறிப்போய்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்த் தொண்டர் படைக்குத் தலைவனும் ஒன்னோதான். தலைக்கவசத்தோடு குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

வீப்கே குவியலுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். "ஒரு சொட்டு தண்ணி பட்டுச்சு, தொலைச்சிருவேன்! அது புகை இல்லடா, ஆவி. உரம் வெந்துக்கிட்டிருக்கு. வேணும்னா மேல கைய வச்சுப் பாரு."

ஒன்னோ கையுறையைக் கழற்றிக் கையை வைத்தான். விறைத்திருந்த முகம் இளகியது. இன்னொரு கையையும் வைத்தான். "நாத்தமே இல்லையே! மழை பெஞ்ச காடு மாதிரில்ல வாசம் அடிக்குது?"

அவனோடு வந்த படைக்காரர்களும் வரிசையாக வந்து குளிர்காய்ந்தார்கள். வீப்கே ஒரு ஃபுக்சியாவைத் தொட்டியிலிருந்து உருவிக் காட்டினாள். வெள்ளை வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. ஒன்னோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மண்ணுல எனக்கு ரெண்டு மூட்டை குடு. வீட்டு ஜன்னல் தொட்டிக்கு."

"ஏன், உன் பீட் என்னாச்சு?"

"அது விக்கிறதுக்கு," என்றான் ஒன்னோ.