வாலில்லாத காண்டாமிருகம்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் மேசை டிராயரில் கிடந்த ஒரு நாலணா. அதில் காண்டாமிருகம் இருந்தது, வால் இல்லை. வாலைத் தேடப்போய் சந்தானத்தை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: 'சிவாஜிநகர் மாடியறை ஜன்னலில் மாலை வெயில் பொன்னாக...' (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

அங்கே ஞாயிறுதோறும் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். கண்காட்சிக்கு எது போகலாம் என்று தீர்ப்புச் சொல்பவர் சந்தானம். காக்ஸ் டவுன் டீச்சர் பிரிஜெட் ஒரு நாலணாவை நீட்டினார். லென்ஸில் வாலில்லாத காண்டாமிருகத்தையும் அதன் பக்கத்தில் மூன்று மெல்லிய கோடுகளையும் பார்த்த சந்தானம் பத்துப் பேர் முன்னால் கேட்டார்:

"வால தேச்சு எடுத்திருக்கீங்களே மேடம், அபூர்வம்னு காட்டறதுக்கா?"

"நான் தேய்க்கல சார்."

"அப்ப தானா விழுந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். (நானும்தான்.) நாணயத்தைப் பர்ஸில் போட்டுக்கொண்டு போன பிரிஜெட் மூன்று ஞாயிறாக வரவில்லை. அவருடைய நாற்காலி காலியாகக் கிடப்பது சந்தானத்துக்குப் பிடிக்கவில்லை.

3

நான்காம் ஞாயிறு வேறொருவரின் தட்டில் இன்னொரு வாலில்லாக் காண்டாமிருகம். பக்கத்தில் பிரிஜெட்டின் நாணயத்தில் பார்த்த அதே மூன்று மெல்லிய கோடுகள். சந்தானம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாணயத்தைத் தேய்த்திருந்தால் கீறல் பள்ளமாக இருக்கும். இவை மேடாக இருந்தன. தேய்த்தது நாணயத்தை அல்ல, அதை அடித்த அச்சை. பளபளப்புக்காக நாணயசாலையில் அளவுக்கு மீறித் தேய்த்ததில் அச்சிலேயே வால் மறைந்துவிட்டது. அச்சில் விழுந்த கீறல்தான் நாணயத்தில் மேடாக வந்திருக்கிறது.

சந்தானத்தின் முகம் சுண்டிப்போனது.

4

மன்னிப்பை எழுதிப் பார்த்தார்.

முதல் பிரதி: "நான் சொன்னது தப்பு மேடம். எல்லார் முன்னாடியும் சொன்னது அதவிடத் தப்பு."

மூன்றாவது: "அன்னைக்கு ஒரு சின்ன தவறு நடந்துடுச்சு மேடம்."

ஆறாவது: "நாலணா விஷயமா வந்தேன் மேடம்."

(அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இந்தப் பகுதியை ஒன்பது முறை திருத்தினேன். முன்பு இங்கே ஒரு நல்ல வரி இருந்தது.)

5

காக்ஸ் டவுனில் கதவு திறந்தது.

"என்ன சார்?"

பிரிஜெட்டின் கண்களில் ஒரு... (இல்லை. அவர் டீச்சர், பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.)

சந்தானம் சட்டைப் பையிலிருந்த ஆறாவது பிரதியைத் தொட்டார். எடுக்கவில்லை. வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதை நான் எழுதினால் தேய்த்துவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். எழுதியபின் திருத்த வேண்டாம். பிரிஜெட் வாசலிலேயே நிற்கிறார்.