வடக்கே நகர்ந்த ஓட்டைகள்

வடக்குப்பட்டில் அப்பாவுவின் பட்டறையில் பூமாரி காலையில் போட்ட ஓட்டைகள், சாயங்காலம் லோடு ஏற்றும் நேரத்துக்குள் மூன்று விரற்கடை வடக்கே நகர்ந்திருந்தன. மற்றவர்கள் போட்ட ஓட்டைகள் போட்ட இடத்திலேயே இருந்தன. மின்சாரப் பெட்டிகளுக்கான எவர்சில்வர் தகடுகள் அவை. கேபிள் நுழைய ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டைகள். நான்கும் வரிசை கலையாமல் ஓரம்வரை போய், வேலியைக் கண்ட மாடுகளைப்போல நின்றிருந்தன. அப்பாவு ஸ்கேல் வைத்து அளந்தார். ஹோல் கட்டரைக் கழற்றி, அதன் பற்களில் பதித்திருந்த கார்பைடு முனைகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. புது கட்டர் மாட்டச் சொன்னார். அது போட்ட ஓட்டைகளும் மறுநாள் சாயங்காலம் வடக்கே போயின. அதே இடத்தில் ஒரு காலத்தில் வேர்க்கடலை பயிரிட்டவர் அவர். சுற்றிலும் கம்பெனிகள் முளைத்த வேகத்தைப் பார்த்த பிறகு எதற்கும் அதிகம் ஆச்சரியப்படுவதில்லை.

பூமாரியின் கையில் குறை சொல்ல எதுவுமில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாக அதே மெஷினில் நிற்கிறாள். எவர்சில்வரில் அவசரப்பட்டால் கார்பைடு முனை தெறித்துவிடும் என்று தெரிந்து, சுழற்சியைக் குறைத்து, எண்ணெய் விட்டு, கைப்பிடியை ஒரே சீராக இறக்குவாள். வட்டத் துண்டு பிசிறில்லாமல் கழன்று விழும். அவள் புருஷன் வேல்ராஜுக்குப் பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எப்போதும் இரண்டாவது ஷிப்ட். அவள் அறைக்குத் திரும்பும்போது அவன் இருக்கமாட்டான். அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளையும் ஓ.டி. எடுத்துக்கொண்டது. ஆறு வருடத்தில் அவர்கள் பேசியதைவிட டிபன் பாக்ஸின் மேல் எழுதி ஒட்டிய சீட்டுகள் அதிகம்.

அப்பாவு இரண்டு நாள் யோசித்துவிட்டு, வூட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று அவளிடம் கேட்டார். பென்னலூர் என்றாள். அவர் வடக்கே திரும்பிப் பார்த்தார்.

“அப்ப சரிம்மா. அங்கதான் போயிகினு கீது.”

அன்றிலிருந்து அவள் மூன்று விரற்கடை தெற்கே தள்ளி ஓட்டை போட்டாள். சாயங்காலத்துக்குள் அவை சரியான இடத்துக்கு வந்தன. பெட்டியில் கேபிள் மாட்டியதும் அடங்கிவிட்டன. ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

ஆடி மாதம் ஓட்டைகள் நிலைகொள்ளாமல் அலையத் தொடங்கின. ஒருநாள் கிழக்கே போயின, மறுநாள் மேற்கே. ஒரே மதியத்தில் தகட்டைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையும் தாண்டிப் போயின. பெட்டி வாங்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் சசிரேகா இரண்டு லோடுகளைத் திருப்பி அனுப்பினாள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மெஷினில் வேறு ஆளை நிறுத்தவேண்டியிருக்கும் என்று அப்பாவு வருத்தத்தோடு சொன்னார். பூமாரிக்கு மெஷினைப் பற்றிய கவலை வரவில்லை. லைனில் வேலை அதிகம் என்று அன்று காலைச் சீட்டிலும் வேல்ராஜ் எழுதியிருந்தான். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அப்பாவுவின் மொபெட்டைக் கேட்டு வாங்கி, ஒற்றை ஓட்டை போட்ட தகடு ஒன்றை முன்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ஓட்டை இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து, ஒரகடம் ரவுண்டானாவைத் தாண்டி, மேற்கே போனாள். அவனை நெருங்க நெருங்க ஓட்டையின் நடை வேகமெடுத்தது. வல்லக்கோட்டைக் கோயில் குளத்துப் படியில் யூனிபார்ம் சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வைத்த பைல். காண்ட்ராக்ட் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது.

“ஒரு மாசமா சோத்த எங்க வச்சுத் தின்னீங்க?” என்று கேட்டாள்.

“ஒவ்வொரு கேட் வாசலா நின்னேன், புள்ள. முப்பது தாண்டுனா எடுக்க மாட்டானுவளாம். சொன்னா நீ ஊருக்குப் போயிருவன்னு பயந்தேன்.”

“நான் எங்க போறேன்? உங்களத் தேடித்தான் வந்திருக்கேன்.”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் நீட்டிய தகட்டை வாங்கி மடியில் வைத்தான். ஓட்டை ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றது. அவன் அதில் விரலை விட்டுப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்தது. பிறகு இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் புளிச்சோறு சாப்பிட்டார்கள். கல்யாணமான பிறகு வேலை நாளொன்றில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில் மேற்கே வாலாஜாபாத் சாலைக் குடோன் ஒன்றில் வேல்ராஜுக்கு போர்க்லிப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. அங்கே வயது கேட்கவில்லை. அதற்கேற்ப அப்பாவு தகடுகளைக் குறுக்கே திருப்பி அடுக்கச் சொன்னார். திங்கட்கிழமைதோறும் சசிரேகா போன் செய்து, இந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். அவனுக்கு லீவு என்றால் லோடு மறுநாள் வரும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாவது ஷிப்ட் வாரங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் தகடு அடுக்கிலிருந்து மெல்லிய உரசல் சத்தம் கேட்கும். பட்டறையில் யாரும் தலை நிமிர்வதில்லை. பூமாரி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். மேற்கேதான் என்று தெரிந்ததும் அடுத்த தகட்டை எடுத்து மாட்டுவாள்.