மக்கு என்ற சொல் மக்கும் விதம்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டார். "செத்த பிறகாவது பூமிக்குப் பாரமில்லாம போறது எப்படி? அதைப் பத்தி ஆயிரம் வார்த்தை வேணும். படிக்கிறவங்க பயந்துடக் கூடாது" என்றார். எனக்கென்ன, ஒப்புக்கொண்டேன்.

மூங்கில் கூடையில் வைத்துப் புதைப்பது, மருந்து ஏற்றாமல் வெறும் பருத்தித் துணியில் சுற்றி அடக்கம் செய்வது, கல்லுக்குப் பதில் கன்று நடுவது, நெருப்புக்குப் பதில் சோடாக்காரம் கலந்த வெந்நீரில் கரைப்பது என்று குறிப்பெடுத்துக்கொண்டே போனேன். கடைசியாக இருந்தது, உடலை வைக்கோலும் மரச்சீவலும் சேர்த்து மண்ணாகவே ஆக்கிவிடுவது. அதை நேரில் பார்க்க ஒரு நிலையத்துக்குப் போனேன். பழைய சரக்குக் கிடங்கு அது. பெயர்ப்பலகையில் 'இயற்கை அடக்க நிலையம்' என்று இருந்தது. வேலை செய்பவர்கள் அதை 'ஷெட்' என்றுதான் சொன்னார்கள்.

அங்கே வைக்கோலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், நான் கேட்காமலே தன் கதையைச் சொன்னார். பாதியில் வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. அவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது பேச்சு மரச்சீவலின் ஈரப்பதத்துக்குப் போய்விட்டது. நானும் மீதியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்திரிகைக்காரருக்குக் கட்டுரை கிடைத்திருக்கும்.

2.

தொடக்கங்கள்:

(அ) மரணம் என்பது ஒரு

[அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.]

(ஆ) கிடங்கின் தகரக் கூரை மேல் வெயில் மெல்லப் படர்ந்து

[வெயில் எங்கேயும்தான் படர்கிறது. அதுக்கு ஒரு வாக்கியம் கேடா?]

(இ) பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. அப்பா கூப்பிட்டது வேறு பேர்.

இது இருக்கட்டும்.*

* கவனித்தீர்களா? ஷெட்டில் 'அவர்' ஆக இருந்தவர், கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டார். மரியாதைக் குறைவு இல்லை. இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு 'அவர்' என்றால் எனக்கு வாய் கூசுகிறது.

3.

அப்பா கணக்கு வாத்தியார். ஏழெட்டு என்ன என்று கேட்டதற்கு ஐம்பத்து நாலு என்று மகன் சொன்ன நாளில் அந்தப் பேர் விழுந்தது. மக்கு. முதலில் திட்டாக இருந்தது, பிறகு கூப்பிடும் பேராகிவிட்டது. தெருவே அப்படிக் கூப்பிட்டது. அக்கா மட்டும் 'டேய்' என்பாள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மக்குவுக்கு ஷெட்டில் வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"அங்க என்னடா வேலை?"

"உடம்பை மக்க வைக்கிறதுப்பா."

"பேருக்கேத்த வேலை!"

மக்குவும் கூடச் சிரித்தான். ஆனால் வேலையில் அவன் மக்கு இல்லை. நீளமான தொட்டியில் முதலில் மரச்சீவல், மேலே வைக்கோல், அதன்மேல் பச்சைத் தழை, துணி சுற்றிய உடல், மறுபடி தழை, மறுபடி வைக்கோல் என்று பரப்பி மூடுவான். காற்று போகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஆறேழு வாரத்தில் மண்ணாகிவிடும். குடும்பத்தார் ஒரு சின்னச் சொம்போடு வந்து நிற்பார்கள். "அது பத்தாதுங்க, ஒரு குட்டி லாரி கொண்டு வாங்க" என்று இவன்தான் பக்குவமாகச் சொல்லி அனுப்புவான்.

அப்பா ஒரே ஒரு தடவை ஷெட்டுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "சீவலுக்கு வைக்கோல் எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். மக்கு சொன்னான். அப்பா மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, "விகிதம் சரி" என்றார்.

பிறந்ததிலிருந்து அப்பா அவனைச் சரி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை அவன் எவ்வளவு நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தான் என்று நான் அளக்கப் போவதில்லை. எனக்கே அழுகை வந்துவிடும்.

4.

இந்தப் பகுதிக்குத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்.

ஆஸ்பத்திரி. மதியம். அப்பா முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். தலைமாட்டில் மக்கு, கால்மாட்டில் அக்கா. இரண்டு நாளாகப் பேசாத அப்பா, கண்ணை மூடியபடியே மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னார்.

"மக்... ணும்."

மக்குவின் காதில் விழுந்தது: மக்கணும்.

அக்காவின் காதில் விழுந்தது: மக்கு வேணும்.

நடுவில் 'க', 'கு' ஆகி ஒரு 'வே' சேர்வதுதான் வித்தியாசம். அது மாஸ்க்குக்குள் போய்விட்டது. நம்பாவிட்டால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் என்ன கேட்டது என்று விசாரியுங்கள்.

மக்கு குனிந்து, அப்பாவின் காதருகே சொன்னான்: "சரிப்பா. ஏற்பாடு பண்ணிடலாம். நீங்க கவலைப்படாதீங்க."

ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்லும் அதே வாக்கியம், அதே குரலில். பழக்கம் அப்படி முந்திக்கொண்டது.

அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

[அந்தப் பார்வையை வர்ணித்து மூன்று வரி எழுதினேன். மூன்றும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. எடுத்துவிட்டேன். பார்த்தார், அவ்வளவுதான்.]

மறுநாள் காலையில் அப்பா போய்விட்டார்.

5.

எனக்கு அக்காமேல் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவளை முரட்டுப் பிடிவாதக்காரியாக, கல்லறைக் கல்லுக்காகச் சண்டை போடுகிறவளாக வைத்திருந்தேன். அப்படி ஒருத்தி இருந்தால் நமக்குச் சௌகரியம். இயற்கை ஒரு பக்கம், அறியாமை ஒரு பக்கம், நான் நடுவில் நாட்டாமை. ஆனால் அவளைப் பேச விட்டதும் அவள் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

அக்கா வீட்டுக் கூடம். அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

"அம்மா சமாதி பக்கத்துல இடம் இருக்குடா. அவரே விட்டு வச்ச இடம்."

"அப்பா சொன்னதை நீயும்தானே கேட்டே, அக்கா?"

"கேட்டேன். மக்கு வேணும்னாரு."

"மக்கணும்னாரு."

"காதுல என்னடா வச்சிருந்தே? உன்னைக் கேட்டாருடா. நீ வெளிய போனா கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான்தான் கூட இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

மக்குவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்பாவா? என்னையா?" அப்பா சாக்பீஸ் கேட்பார், மூக்குக்கண்ணாடி கேட்பார், பேப்பர் கேட்பார். அவனைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அக்கா சொல்வது நிஜமென்றால், அப்பா கடைசியாக அவனைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு அவன் 'என்னப்பா' என்றுகூடக் கேட்கவில்லை. ஏற்பாடு பண்ணிடலாம் என்றிருக்கிறான். கடைசி மூச்சில் பெற்ற பிள்ளையைத் தேடியவரிடம் கவுன்ட்டர் ஆளாக நின்றிருக்கிறான். அவனால் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை.

ஆகவே அவன் காதில் விழுந்தது 'மக்கணும்' ஆகவே இருந்தாக வேண்டும். அவன் பிடிவாதத்துக்கு இதுதான் காரணம், சுற்றுச்சூழல் இல்லை. பத்திரிகைக்காரர் மன்னிக்கட்டும்.

6.

சுலபமான முடிவுகள் என் கைவசம் இருந்தன.

அலமாரியில், சட்டைகளுக்கு அடியில், அப்பாவின் கையெழுத்தில் ஒரு நோட்டு. அதில், 'என்னைப் புதைக்காமல்

[வேண்டாம். நோட்டு கிடைத்துப் பிரச்சினை தீர்ந்த குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.]

இன்னொன்று, மக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "போன வருஷமே எங்கிட்ட தெளிவா சொன்னாருக்கா." அக்கா நம்பியிருப்பாள். நானும் அவனை எவ்வளவோ தள்ளிப் பார்த்தேன். "போன வருஷம் ஷெட்டுக்கு வந்தப்ப..." என்று பொய்யாகத்தான் தொடங்கினான். "விகிதம் சரின்னாரு" என்று உண்மையில் வந்து முடித்துவிட்டான். இந்த ஆளை வைத்துக்கொண்டு பொய்க்கதை எழுதுவது கஷ்டம்.

கடைசியில் அக்காதான் சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "வா, உன் ஷெட்டைக் காட்டு" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததில்லை.

7.

ஷெட்டின் பொறுப்பாளர் அம்மா விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நம்ம ஆளுங்கறதுக்காக விட முடியாதுப்பா. தப்பா நினைக்காதே." அதில் எல்லாக் கட்டத்தையும் மக்கு ஐந்து நிமிஷத்தில் நிரப்பினான். ஒரு வரி பாக்கி:

இறந்தவர் தம் விருப்பத்தைச் சொன்ன சொற்கள் (அப்படியே எழுதவும்):

அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவனே அவன்தான். 'அப்பாவின் ஆசைப்படி' என்று குடும்பத்தார் மொட்டையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆளுக்கொன்று பேசுவதைப் பார்த்து அலுத்துப்போய்ச் சேர்க்கச் சொன்னது. அங்கே எழுதும் சொல் மண்ணாவதைக் கேட்கவில்லை என்றால் ஷெட் உடலை எடுக்காது. கீழே பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா கண்ணாடித் தடுப்பு வழியாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள சூடா இருக்குமாடா?"

"அறுபது டிகிரிக்கு மேல போகும்."

"அவருக்குக் குளிர் ஆகாது" என்றாள். பிறகு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீயே எழுது. நீ என்ன எழுதினாலும் கீழ நான் கையெழுத்து போடறேன். இங்கயே வச்சாலும் சரி, அம்மா பக்கத்துல வச்சாலும் சரி. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. உன்னைக் கேட்டாருங்கறதை மட்டும் நீ தெரிஞ்சுக்கணும்னுதான் இவ்வளவு நேரம் கத்தினேன்."

"என்ன கேட்டுச்சுன்னு இப்ப எனக்கே தெரியலக்கா."

"அப்ப, யாரைப் பாத்துச் சொன்னாருன்னு யோசி."

"கண்ணை மூடிக்கிட்டுல்ல சொன்னாரு!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொறுப்பாளர் அம்மா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார்.

மக்கு எழுதத் தொடங்கினான். ம. புள்ளி வைத்த க். அடுத்து க.

8.

இங்கே பேனா நிற்கிறது. நிறுத்தியது நான்தான்.

இந்தக் க-வின் வாலை இழுத்துச் சுழித்தால் 'கு'. பிறகு 'வேணும்' வரும். அப்பா அம்மாவின் பக்கத்துக்குப் போவார். நாற்பத்தைந்து வயதில் மக்குவுக்கு ஓர் அப்பா கிடைப்பார். அவர் கேட்டபோது தான் சொன்ன பதிலையும் அவன் ஆயுளுக்கும் சுமப்பான்.

சுழிக்காமல் விட்டால் 'ணும்' வரும். அப்பா இங்கே வருவார். மகன் பரப்பிய வைக்கோலில், அவரே சரிபார்த்த விகிதத்தில், ஆறேழு வாரத்தில் நல்ல மண்ணாவார். மக்கு சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் ஆவான். ஆனால் அப்பா அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

இரண்டையும் என்னால் எழுத முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டுக்கும் நல்ல கடைசி வரிகூட வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மதியம் நான் அறையில் இல்லை. இருந்த இரண்டு பேரும் இரண்டு விதமாகக் கேட்டார்கள். நீங்களோ வாயைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் காதில் ஏதோ ஒன்று விழுந்திருக்கும்.

பேனா முனை தாளில் ஊன்றியே இருப்பதால் க-வின் அடியில் மை ஊறி, புள்ளி பெரிதாகிக்கொண்டு வருகிறது. அக்கா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள். இந்தாருங்கள், பேனாவைப் பிடியுங்கள்.