அண்டாவில் வெட்டிய பேர்

நாமக்கல் பரமத்தி ரோட்டில், கோழித்தீவனக் கடைக்கு மாடியில் இருந்த அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான் ஏசி ஓடும். வேலை செய்கிற மனிதர்களுக்கு மின்விசிறிதான். கந்தவேல் ஆரம்பித்த 'மறுசந்தை' என்கிற வலைத்தளம் அந்த இரண்டு பெட்டிகளுக்குள்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய கோழிக்கூண்டு, தண்ணீர் மோட்டார், லாரி டயர், பீரோ, பாத்திரம் என்று ஒருவருக்கு வேண்டாததை இன்னொருவர் வாங்கிக்கொள்கிற இடம். ராசிபுரம், ஆத்தூர் என்று ஆட்கள் பெருகப் பெருகப் பெட்டிகளுக்கு மூச்சு முட்டியது. முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஏனுங்க, உங்க சந்தைக்கு இன்னிக்கு லீவுங்களா?" என்று போன் போட்டுக் கிண்டல் செய்வார்கள்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் தனப்பிரியா. கந்தவேலின் சித்தப்பா மகள். பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் இதே வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். கெட்டிக்காரிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்கும் துளிகூடச் சந்தேகமில்லை என்பதுதான் தொல்லை.

"அப்ப நம்ம சந்தை இனி எங்கதான் இருக்கும் அம்மிணி?" என்று கேட்டார் கந்தவேல்.

"மும்பைப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்துல அண்ணா. கூட்டம் வந்தா இடம் தானாப் பெருசாகும், கூட்டம் போனாச் சுருங்கிக்கும். எவ்வளவு எடத்துல ஓடுதோ அவ்வளவுக்கு மட்டும் வாடகை."

"மண்டபத்துல ஆள் கூடுனாப் பின்னால பந்தல் இழுத்துக் கட்டற மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கங்க."

கந்தவேல் போகாமல் நின்றார். "ஒண்ணே ஒண்ணு கண்ணு. நம்ம ஆபீஸ் நெம்பர் போட்டு வெச்ச விளம்பரமெல்லாம் இருக்குது பாரு, அத மட்டும் நானே உக்காந்து..."

"அண்ணா, மெஷின் வேலைக்கு நடுவுல வந்து கைய வெக்காதீங்க. எல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கீழே டீக்குப் போய்விட்டார்.

அவர் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பாத்திரம் கொடுத்தால் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். அண்டாவின் கழுத்தில், குத்துவிளக்கின் அடியில், யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார் என்று எழுத்தெழுத்தாக வெட்டியிருக்கும். கொடுத்தவருக்கு அது கௌரவம். கையில் காசில்லாத நாளில் அதை விற்க வேண்டி வந்தவருக்கோ அதுவேதான் அவமானம். உள்ளூர்ப் பாத்திரக்கடையில் போட்டால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கந்தவேலுக்குத்தான் போன் செய்வார்கள். அவர் அவர்களுடைய நம்பரை எடுத்துவிட்டு ஆபீஸ் நம்பரைப் போடுவார். ஊர்ப்பேர் இருக்கிற இடத்தில் 'நாமக்கல் வட்டாரம்' என்று போடுவார். படத்தில் பேர் வெட்டிய பாகம் தெரியாமல் தானே உட்கார்ந்து வெட்டி எடுப்பார். ஆத்தூரில் இருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வாங்குகிறவராகப் பார்த்துத் தள்ளிவிடுவார். இதற்கென்று கம்ப்யூட்டரில் தனியாக ஒரு ஏற்பாடும் கிடையாது. எல்லாம் அவர் மனசிலும் கையிலும் இருந்தது.

தனப்பிரியா கண்ணுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஆயிரக்கணக்கான விளம்பரங்களுக்கு ஒரே நம்பர். பாதி தலை போன அண்டாக்கள், அடி இல்லாத குத்துவிளக்குகள். 'எத்தனை வருஷக் குப்பை' என்று நினைத்துக்கொண்டாள். பதிவு செய்தவரின் உண்மையான பேர், ஊர், நம்பர் மூன்றையும் தேடி எடுத்து அந்தந்த விளம்பரத்தில் சேர்க்கிற மாதிரி எழுதினாள். வெட்டிய படங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த முழுப் படங்களை மேலே கொண்டுவந்தாள். கூடவே 'உங்கள் ஊருக்கு அருகில்' என்று ஒரு புது வசதி. பக்கத்தில் என்ன விற்பனைக்கு வந்தாலும் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்றம் முடிந்தது. ஒரு விளம்பரம் தொலையவில்லை, ஒரு படம் கெடவில்லை. தொட்டவுடன் பக்கம் திறந்தது. கீழ்க்கடைக்காரர் வரைக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். 'இந்த ஊரில் இதைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை' என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை முதல் போன் வந்தது. கந்தவேல் எடுத்தார். எடுத்தவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்துவிட்டு, "பரமத்தி வேலூர் சாரதாமணி அக்கா" என்றார். "அவங்க ஊட்டு அண்டா, பேரோட, எல்லார்த்து போனுக்கும் போயிருக்குது."

தனப்பிரியா பக்கத்தைத் திறந்தாள். பெரிய பித்தளை அண்டா, பக்கத்தில் குத்துவிளக்கு. அவள் பெருமைப்பட்ட அந்தத் தெளிவான படத்தில், கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது: 'ரஞ்சனி பூப்பு நன்னீராட்டு விழாவிற்குத் தாய்மாமன் மருதாசலம் அன்பளிப்பு'. கீழே சாரதாமணியின் பேர், ஊர், நம்பர். அதற்கும் கீழே, 'விலை பேசலாம்'.

கந்தவேல் அப்போதுதான் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாந்தான் அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கோணும்" என்று பழியையும் தன் மேலேயே போட்டுக்கொண்டார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு நாள்கூட முழுசாக ஓடாத புத்தம்புதிய சந்தையைத் தன் கையாலேயே இழுத்து மூடினாள். ஆனால் போனுக்குப் போன செய்தி போனதுதான். அதைத் திருப்பி அழைக்க எந்த மும்பைக் கட்டடத்திலும் வழியில்லை.

காரில் இரண்டு பேரும் பரமத்தி வேலூர் போய்ச் சேர்ந்தார்கள். சாரதாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே சுவரோரம் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். மகள் ரஞ்சனிக்கு ஆவணியில் கல்யாணம். "உக்காருங்க" என்று பாய் விரித்துக் காபி வைத்துக் கொடுத்தாள். தனப்பிரியாவுக்கு அந்தத் தம்ளரைத் தொடவே கை கூசியது.

"அக்கா, எல்லாம் என்ற தப்புங்க" என்றாள்.

"அண்ணன் வெத்தல மண்டியில நின்னுட்டிருக்கும்போது யாரோ போன நீட்டிக் காட்டியிருக்காங்க சாமி. 'மருதாசலம், உன்ற சீரு வெலைக்கு வந்திருக்குது, வாங்கறயா'ன்னு. அத்தன பேருக்கு முன்னால." சாரதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்லியனுப்பிச்சுட்டாரு. தாய்மாமன் வந்து நிக்காத கல்யாணம் என்ன கல்யாணமுங்க? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

கந்தவேல் மெதுவாகக் கேட்டார். "எதுக்காக விக்கறீங்கன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டா ஆகாதுங்களா?"

"அத மட்டும் சொல்லக்கூடாதுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "போன காத்துல அவரு கொடிக்கால் மொத்தமும் சாஞ்சு போச்சு. ஒரு வெத்தல கைக்கு வல்ல. ஆனா சபையில தாய்மாமன் சீர் கொண்டாந்து வெக்கோணுமல்ல? வெறுங்கையோட வந்து நிப்பாரா எங்கண்ணன்? அதான் இத வித்து, அண்ணிகிட்டக் குடுத்து, அவங்க சிறுகச் சிறுகச் சேத்து வெச்சதுன்னு சொல்லச் சொல்லியிருந்தேன். அந்தப் பணத்துல அவரு தலை நிமுந்து சீர் கொண்டு வருவாரு. தங்கச்சி காசுன்னு தெரிஞ்சா உசுரையே உட்டுருவாரு சாமி."

தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் குனியக்கூடாது என்பதற்காக ஒருத்தி யாருக்கும் தெரியாமல் செய்ததை, அந்த அண்ணன் பேரோடு ஊர் முழுக்கப் பரப்பிவிட்டோம். 'குப்பை' என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

"நான் போய்ப் பேசறேங்க" என்று எழுந்தாள்.

"நெசத்தச் சொல்லிப்போடாத சாமி. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

வெற்றிலை மண்டியில் ஏலம் முடிகிற நேரம். ஈரச்சாக்கு வாசனை. சுமைகளுக்கு நடுவே வெள்ளைத் துண்டு போட்ட மருதாசலம் யாருடனும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுற்றி இருந்தவர்கள் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தவேலைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பிரயோசனமில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. மானம் போனது எல்லார் முன்னாலும். திரும்பி வந்தாலும் அப்படித்தான் வரவேண்டும்.

"நான் மறுசந்தையிலிருந்து வாரேனுங்க" என்றாள் கொஞ்சம் உரக்கவே. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாரதாமணி அக்கா எதையும் விக்கவே இல்லீங்க. பழைய பாத்திரத்த எப்படிப் படம் எடுக்கறதுன்னு காட்டறதுக்கு, மாதிரிக்காக அவங்க ஊட்டு அண்டாவப் படம் புடிச்சோம். அத விற்பனைக்குன்னு தூக்கிப் போட்டது நான். அவங்களக் கேக்கக்கூட இல்ல. தப்பு பூரா என்னுதுங்க. மன்னிச்சுக்கங்க." இரண்டு கையையும் கூப்பினாள்.

பெங்களூரில் எத்தனை கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருப்பாள். இப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

"அது செரி!" என்று ஒருவர் சிரித்தார். "நாளைக்கு என்ற ஊட்டப் படம் புடிச்சு ஊட்டையே வித்துப்போடுவீங்களாட்டம் இருக்குது."

"படிச்ச புள்ளைங்க செய்யற வேலையப் பாருங்க."

"இனி அதுல ஒரு செருப்பக்கூடப் போடக்கூடாதப்பா."

சிரிப்பு மண்டியின் கடைசிவரை போனது. அவள் கூப்பிய கையை இறக்கவில்லை. வருஷக்கணக்காகக் கந்தவேல் சேர்த்து வைத்த நல்லபேர் அந்தச் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

மருதாசலமும் சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் சொன்னேனல்ல? என்ற தங்கச்சியாவது, நாங் குடுத்தத விக்கறதாவது!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். காலையில் போனை நீட்டிக் காட்டிய ஆள் தரையைப் பார்த்தான். "வா சாமி, கார் வரைக்கும் வாரேன்."

வெளியே புளியமரத்தடிக்கு வந்ததும் அவர் நடை தளர்ந்தது. சிரிப்பு மண்டியோடு நின்றுவிட்டது.

"நல்லாத்தான் பொய் சொல்ற அம்மிணி."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்தப் படத்துல அண்டாவும் வெளக்கும் எப்படிப் பளபளன்னு இருக்குது, பாத்தயா? புளியப் போட்டு நாள் பூரா தேச்சிருக்கறா. மாதிரிக்குப் படம் புடிக்கறதுக்கு யாரு அப்படித் தேய்ப்பாங்க? வெலை கூட வரோணும்னுதான் தேச்சிருக்கறா." அவர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எதுக்குன்னும் தெரியும். என்ற ஊட்டுக்காரி திடீர்னு, நான் கொஞ்சம் சேத்து வெச்சிருக்கறேன், சீருக்கு ஆகும்னா. அவ எங்கிருந்து சேக்கறது? சோத்துக்கே தள்ளாடிட்டிருக்கறோம். காலையில அந்த அண்டாவப் பாத்ததும் எல்லாம் வெளங்கிப்போச்சு. தங்கச்சி மேல கோவம் இல்ல சாமி. அவ மூஞ்சியில முழிக்க முடியலீன்னுதான் வரமாட்டேன்னு சொல்லியனுப்பிச்சேன்."

அக்காவுக்குப் பண்ணிக்கொடுத்த சத்தியம் தனப்பிரியாவின் வாயை அடைத்தது. அழுகை வேறு வந்துவிட்டது.

"வாரேன்னு சொல்லு. கொடிக்கால்ல மறுபடி துளுத்த வரைக்கும் வெத்தல கிள்ளிக் கூடையில எடுத்துட்டு வாரேன். அதுதான் இந்தத் தடவ சீரு." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. மறைச்சு வெப்பயா?"

தலையை ஆட்டினாள். மருதாசலம் திரும்பி மண்டிக்குள் போனார். வாசலை நெருங்கும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டது தெரிந்தது.

காருக்குப் பக்கத்தில் வருவதற்குள் போன் அடித்தது. சாரதாமணி.

"அண்ணன் நம்புனாருங்களா சாமி?"

"நம்பிட்டாருங்க அக்கா. கல்யாணத்துக்கு வாரேன்னு சொல்லச் சொன்னாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு சாரதாமணி, "நீ மகராசியா நல்லா இருக்கோணும் சாமி. எங்க மானத்தக் காப்பாத்திட்ட" என்றாள்.

திட்டாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த வாழ்த்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கந்தவேல் காத்திருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமல், முகத்தை மட்டும் அவர் பார்க்காத பக்கம் திருப்பிக்கொண்டு, "சரிங்க அக்கா, சரிங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள் தனப்பிரியா.